பொன்முடியும் வழுவமைதியும்

பிழை காண்பது எளிது. அப்பிழைக்கு அமைதி காண்பது அரிது. தமிழ் இலக்கண நூலார் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பித்தனர். விதிக்கு மாறுபட்டு வருவது வழு. மாறுபட்டு வரினும் தக்க காரணம் இருப்பின் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் பசுவைக் கண்டு, மகிழ்ச்சி மிகுதியால் ஒருவன் ‘என் அம்மை வந்தாள்’ என்கிறான். அஃறிணையை உயர்திணையாக்கிச் சொன்னது வழுவே. ஆயினும் உவப்பு என்னும் காரணம் இருத்தலின் நன்னூல் அதனை ஏற்கிறது. ஆண்டுதோறும் வகுப்பறையில் இதனை விளக்கிவரும் எனக்கு, இதே வழக்கு கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலில் நாள்தோறும் நடைபெறக் கேட்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. அங்கே வழக்குக்கு உள்ளானது பசு அன்று. ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றின் வீரனுடைய தலைமுடி.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். ‘சிப்காட்’ தொழிற்பேட்டையின் உருட்டாலைகளும் வார்ப்படச் சாலைகளும் உதிரிப் பாகத் தொழிற்கூடங்களும் அவ்வூரின் பொழுதுகளை ஷிப்டுகளாகப் பகுத்து வைத்துள்ளன. நான் கல்லூரிக்குப் புறப்படும் காலை வண்டியில், இரவு ஷிப்டு முடித்த இளைஞர் சிலர் ஏறுவர். கவரைப்பேட்டையிலும் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் ஒவ்வொருவராக இறங்கிவிடுவர். இரவெல்லாம் கண்விழித்தவர்கள் உறங்குவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அவர்களோ கைப்பேசித் திரையில் இரு படங்களை அருகருகே வைத்துக்கொண்டு வாதிடுவர். “இதுல மூஞ்சி வேற மாதிரி இருக்குடா” என்பான் ஒருவன். “சண்டையில அடி வாங்குனா மூஞ்சி மாறாதா?” என்பான் மற்றவன். அவர்களுள் பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவரும் உண்டு. அவர் தொடரை இந்தியில் பார்த்தவர். இவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்த்தவர்கள். மொழி தடைப்படும் இடத்தில் விரலால் படத்தைத் தொட்டுக் காட்டுவார். வழக்கு மேலே நடக்கும்.

அவர்கள் பேசிய தொடர் ‘டிராகன் பால்’. அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குதல் கடனாகும். அகிரா தொரியாமா என்னும் ஜப்பானிய ஓவியர் 1984ஆம் ஆண்டில் ஒரு வார இதழில் தொடங்கி 1995 வரை வரைந்த சித்திரக்கதை அது. தோயெய் அனிமேஷன் என்னும் நிறுவனம் அதனைத் தொலைக்காட்சித் தொடராக்கிற்று. 2024 மார்ச்சுத் திங்களில் தொரியாமா மறைந்தபோது உலகின் பல மூலைகளிலும் அவருடைய அன்பர்கள் துயருற்றனர். கதைத் தலைவன் கோக்கு கருமுடி உடையவன். 1991இல் வெளிவந்த பகுதியில், ஃபிரீசா என்னும் கொடியவன் கோக்குவின் தோழன் கிரில்லினைக் கண்ணெதிரே கொன்றுவிடுகிறான். பொங்கிய சினத்தில் கோக்குவின் முடி பொன்னிறமாகி மேல்நோக்கி எழுகிறது. விழிகள் பச்சை நிறம் கொள்கின்றன. ‘சூப்பர் சையன்’ என்னும் வலிமைநிலை இது. பின்னர் வலிமை மேன்மேலும் ஏறும்போது உருவமும் மாறுகிறது. இரண்டாம் நிலையில் உடலைச் சுற்றி மின்னல் கீற்றுகள் ஓடும். மூன்றாம் நிலையில் முடி இடைக்குக் கீழே நீண்டு தொங்கும், புருவம் மறைந்துவிடும். பின்வந்த திரைப்படங்களிலும் தொடர்களிலும் செந்நிறம், நீலம், வெள்ளி எனப் படிகள் மேலும் பெருகின.

இதனைக் கேட்டபோது என் நெஞ்சு தொல்காப்பியத்தை நினைந்தது. உள்ளத்து உணர்வு பிறர் அறியும்படி உடலில் புலப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். மெய்ப்பாடுகள் எட்டு, அவற்றுள் வெகுளி ஒன்று. வெகுளி பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு என்று கூறும் மெய்ப்பாட்டியல், அவற்றுள் கொலையையும் வைத்திருக்கிறது. தோழன் கொலையுண்ண, வெகுளி எழ, அவ்வெகுளி மெய்யில் நிறமாகத் தோன்றுகிறது. தொரியாமா தொல்காப்பியம் பயின்றவர் அல்லர். ஆயினும் உணர்வு உடலில் ஒழுங்குபடத் தோன்றவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஜப்பானியருக்கும் நமக்கும் பொதுவாகவே இருக்கிறது.

போரின் படிகளை நிறத்தால் குறிப்பதும் நமக்குப் புதிதன்று. ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடுவான். மீட்கச் செல்வோன் கரந்தை சூடுவான். மண்ணாசையால் படையெடுப்போனுக்கு வஞ்சி, மதிலை வளைப்போனுக்கு உழிஞை, நேர்நின்று பொருவோனுக்குத் தும்பை, வென்றோனுக்கு வாகை. தலையில் சூடிய பூவைக் கண்ட அளவிலேயே போர் எந்தப் படியில் நிற்கிறது என்பது விளங்கிவிடும். வெட்சி செந்நிறம், தும்பை வெண்ணிறம். தும்பைப் போர்க்களத்தில் நிற்கும் வீரன் தலையில் காரணமின்றி ஒரு புலவன் வெட்சியைச் சூட்டியிருந்தால் உரையாசிரியர்கள் விட்டிருப்பார்களா? இரயிலில் அவ்விளைஞர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ‘இவன் எந்தப் படியில் நிற்கிறான்? அப்படிக்குரிய அடையாளம் இவனிடம் இருக்கிறதா?’

என் இளமையிலும் இத்தகைய வழக்குகள் இருந்தன. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ தன் முதல் வெளியீட்டிலேயே இரும்புக்கை மாயாவியைத் தமிழருக்கு அறிமுகம் செய்தது. ஆங்கிலத்தில் 1962இல் தோன்றிய நாயகன் அவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் உருவம் மறையும். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். “உடம்போடு சட்டையும் மறைகிறதே, கை மட்டும் ஏன் மறையவில்லை?” என்று திண்ணையில் அமர்ந்து நாங்கள் வாதிட்டதுண்டு. கை இரும்பாதலின் மறையாது என்பான் ஒருவன். அங்ஙனமாயின் சட்டைப் பொத்தான் மறைவானேன் என்பான் இன்னொருவன். முடிவு கண்டோமில்லை. ஆயினும் அக்கை ஒரு படத்திலேனும் மறைந்து போயிருந்தால் எங்களுக்குச் சினம் வந்திருக்கும். மறையாத கை என்பது கதையாசிரியன் எங்களுக்குக் கொடுத்த வாக்கு.

வலிமையின் அடையாளமும் அத்தகைய வாக்கே. ‘இந்நிறம் கண்டால் இவ்வளவு வலிமை என்று கொள்க’ எனப் படைப்போன் சொல்கிறான், காண்போன் நம்புகிறான். இந்நம்பிக்கை இருப்பதனால்தான் மாற்றங்களும் சுவைக்கின்றன. ஃபிரீசா முதலில் சிற்றுருவினன். வலிமை ஏற ஏறக் கொம்பு நீண்டு, பேருருக் கொண்டு, காண்பதற்கே அஞ்சத்தக்கவன் ஆகிறான். இறுதி நிலையிலோ கொம்பும் பருமனும் நீங்கி, வழவழப்பான சிற்றுருவாகவே நிற்கிறான். உள்ளவற்றுள் கொடிய வலிமை அதுவே. பெரிதாதலே வலிமை என்று பழகிய கண்ணுக்கு இது பெருவியப்பு. விதியை நன்கு நாட்டிய பின்னரே ஒரு கலைஞன் அதனை இவ்வாறு தலைகீழாக்க இயலும்.

இனி வழுக்களுக்கு வருவோம். இளைஞர்களின் வழக்கில் மூன்று சான்றுகள் மீண்டும் மீண்டும் எழுந்தன.

முதலாவது, ‘டிராகன் பால் சூப்பர்’ தொடரின் ஐந்தாம் பகுதி. 2015 ஆகஸ்டில் அது ஒளிபரப்பானபோது, கோக்குவின் மூன்றாம் நிலை உருவமும் முகமும் சிதைந்து வரையப்பட்டிருந்தன. உலகெங்கும் இரசிகர்கள் படங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டி நகையாடினர். பின்னர் வட்டுகளாக வெளியிடப்பட்டபோது அப்படங்கள் பல திருத்தி வரையப்பட்டன. இது வழு, இதற்கு அமைதி இல்லை. ஆக்கியோரே திருத்தியமையால் வழக்கு முடிந்தது.

இரண்டாவது, எதிர்காலத்திலிருந்து வரும் டிரங்க்ஸ் என்னும் வீரனின் முடி. பழைய தொடரில் அது இளம் ஊதா. 2016இல் அவன் மீண்டும் தோன்றியபோது முடி நீலமாயிருந்தது. கதையில் காரணம் ஏதும் கூறப்படவில்லை. அதே தொடரில் நிகழ்காலச் சிறுவனாக வரும் டிரங்க்ஸுக்கோ ஊதா முடியே இருந்தது. “அவங்க அம்மா புல்மாவுக்கு நீல முடிதானே சார், பிள்ளைக்கு வரக்கூடாதா?” என்று ஒருவன் அமைதி கூறினான். “வரலாம், ஆனா சின்ன வயசுல ஊதாவா இருந்தது எப்படி நீலமாச்சு?” என்று மற்றவன் மறுத்தான்.

மூன்றாவது, ‘சூப்பர் சையன்’ நான்காம் நிலை. 1996இல் தொடங்கிய ‘ஜீ.டி.’ தொடரில் அந்நிலையில் உடலெங்கும் செம்மயிர் படர்ந்திருக்கும். தலைமுடி மட்டும் கருமையாகவே இருக்கும். தொரியாமாவின் மறைவுக்குப் பின் ஒளிபரப்பான ‘டைமா’ தொடரின் இறுதிப் பகுதிகளில், 2025இல், கோக்கு நான்காம் நிலையை மீண்டும் அடைந்தபோது தலைமுடியும் சிவந்திருந்தது. இது பழைய நிலைதானா, பெயர் ஒன்றாகிய வேறு நிலையா? அன்றியும், கதை நிகழும் காலவரிசையில் ‘டைமா’வுக்குப் பிற்பட்டது ‘சூப்பர்’. அங்கே பெரும்பகைவர் பலர் வந்தபோது இவன் இந்நிலையை ஏன் மேற்கொள்ளவில்லை? இக்கேள்விக்கு மீஞ்சூர் வரையில் விடை கிடைத்ததில்லை.

இவ்வழக்குகளைக் கேட்குந்தோறும் எனக்குச் சேனாவரையர் நினைவுக்கு வருவார். இளம்பூரணர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி, அது பொருந்தாமையை நிறுவி, தம் கருத்தை நிலைநாட்டும் அவருடைய உரைமுறை மாணவர்க்குக் கடினம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆயின் மூலத்தில் இல்லாத காரணத்தைத் தேடிக் காண்பதும், பிறர் கண்ட காரணத்தை மறுப்பதும், மறுத்தவரை மீண்டும் மறுப்பதும் இரவுப் பணி முடித்த இளைஞர்களுக்கு இயல்பாகவே வருகின்றன. அவர்கள் தம் மூலநூலைக் காதலிக்கிறார்கள். உரைத்திறம் அக்காதலில் பிறக்கிறது.

அக்குழுவில் ஓர் இளைஞர் எப்போதும் கடைசியாகவே பேசுவார். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். உதிரிப் பாகங்களை ஆய்ந்து தேர்வு செய்யும் பணியில் இருப்பவர். ஐந்தாம் பகுதியைப் பற்றி நண்பர்கள் நகைத்தபோது அவர் நகைக்கவில்லை. “வாரா வாரம் ஞாயித்துக்கிழமை காலையில போயே ஆகணும் சார். டெஸ்பாட்ச் மாதிரி. அவசரத்துல ஓட்டுனா பீஸ் அப்படித்தான் வரும்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தாலும், நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு படங்கள் வேண்டும். முதன்மைப் படங்களை ஒருவர் வரைவார். இடைப்படங்களை வேறொருவர் வரைவார். பலர் கைப்பட்ட முகங்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவதற்கு ஒரு மேற்பார்வை ஓவியர் இருப்பார். முகம் முன்னிருந்து எப்படி, பக்கத்திலிருந்து எப்படி, எந்நிலையில் முடி எத்தனைக் கூர்களாகப் பிரியும் என்பதையெல்லாம் காட்டும் மாதிரித்தாள் ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கும். 1963இல் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ வாரத் தொடராக வெற்றிபெற்ற நாள் முதல் ஜப்பானியச் சித்திரத் தொழில் இந்த வாரக்கெடுவோடு மல்லாடியே வளர்ந்திருக்கிறது. மேற்பார்வை ஓவியருக்குத் திருத்த நேரம் இல்லாதபோது வீரனின் முகம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

“எங்ககிட்ட டிராயிங் இருக்கிற மாதிரி அவங்ககிட்டயும் டிராயிங் இருக்கு” என்று அவ்விளைஞர் தொடர்ந்தார். துளையின் அளவை ஆய்வதற்குத் தாம் பயன்படுத்தும் ‘கோ, நோ-கோ கேஜ்’ என்னும் கருவியைப் பற்றியும் விளக்கினார். அதற்கு இரு முனைகள். ஒரு முனை துளைக்குள் புகவேண்டும், மறுமுனை புகக்கூடாது. இரண்டும் சரியாயிருந்தால்தான் பாகம் தேறும். “இதுவும் அதேதான் சார். பவர் ஏறுனா மாற வேண்டியது மாறணும். ஆனா அவன் கோக்குன்னு தெரியணும், அது மாறக்கூடாது.” வழுவையும் வழுவமைதியையும் இத்துணைச் சுருக்கமாக விளக்கிய உரையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். முடி பொன்னிறமானதன் பிறப்பைத் தொரியாமாவே பேட்டிகளில் கூறியிருக்கிறார். இதழில் கதை கருமை வெண்மையில் அச்சாவது. கோக்குவின் கருமுடிக்கு ஒவ்வொரு படத்திலும் மை தீட்டுவது உதவியாளருக்குப் பெரும்பாடாக இருந்தது. வலிமைநிலையில் முடியை வெண்மையாக விட்டுவிட்டால் அவ்வேலை மிச்சமாகும். அவ்வாறு விடப்பட்ட வெண்மையே தொலைக்காட்சியில் பொன்னாயிற்று. ஒரு தொழிலாளியின் கைவலியைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, உலகக் குழந்தைகள் பலர் கண்மூடினாலும் காணக்கூடிய வீரச்சின்னமாயிற்று. அன்று மை தீட்டாமல் விட்டது குறை என்று எவரும் சொல்லவில்லை. அக்குறை ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக வந்தமையால் விதியாயிற்று.

இதனை நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. பிறகு சிறிது நேரம் பேசாதிருந்தார். பொன்னேரி நிலையம் கடந்தபின் தம் சட்டையின் தோளைத் தொட்டுக் காட்டினார். அவர் பணிபுரியும் இடத்தில் நிரந்தரப் பணியாளர்க்கு ஒரு நிறச் சட்டை. ஒப்பந்தப் பணியாளர்க்கு வேறு நிறம். “ஆறு வருஷம் ஆச்சு சார். வரும்போது எனக்கு வெர்னியர் பிடிக்கத் தெரியாது. இப்ப புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றேன். சட்டை அதே கலர்தான்.” முறையிடும் குரலில் அவர் சொல்லவில்லை, அளவு படித்துச் சொல்பவர்போல் சொன்னார். பீகார் இளைஞருக்கும் அதே நிறச் சட்டை. அவருக்கு ஆண்டுகள் இன்னும் மிகுதி.

அக்கணத்தில் அவ்வழக்கின் ஆழம் எனக்குப் புலனாயிற்று. கோக்கு உழைக்கிறான், தோற்கிறான், மீண்டும் பயில்கிறான். ஒருநாள் வலிமை ஏறுகிறது. ஏறியதை உலகம் முழுதும் ஒரு நொடியில் காண்கிறது. எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. அந்த அடையாளத்தைப் படைப்போர் தாறுமாறாக மாற்றினால் இவ்விளைஞர்கள் பொறுப்பதில்லை. உண்மையான ஆற்றலுக்கு உண்மையான அடையாளம் கிடைக்கும் ஓர் உலகைத் தமக்குக் காட்டிய தொடர் அது. அவ்வுலகிலேனும் கணக்குச் சரியாயிருக்கட்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். அளந்து அளந்து தேர்வு செய்யும் கண்ணுடையவரை அளந்து பார்ப்பார் இல்லாதபோது, அக்கண் சித்திரவீரனின் புருவத்தை அளக்கிறது.

ஜப்பானியச் சித்திரங்கள் இனித் தமிழுக்கு அயலானவை அல்ல. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் திரைப்படம் தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அவற்றைப் பார்க்கும் மாணவர் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். இவ்வாண்டு நன்னூற் பொதுவியலில் வழுவமைதி கற்பித்தபோது, பசுவின் எடுத்துக்காட்டை அடுத்து டிரங்க்ஸின் நீல முடியையும் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் நெடுநாள் வாய்திறவாதிருந்த மாணவர் இருவர் எழுந்து எதிரெதிராக வாதிட்டனர். “நூலாசிரியர் காரணம் கூறவில்லையெனில் படிப்பவர் கூறலாமா ஐயா?” என்று மூன்றாமவர் வினவினார். கூறலாம்; நம் உரைமரபு முழுவதும் அவ்வாறு எழுந்ததே என்றேன். ஆயினும் கூறும் காரணம் நூலின் பிறபகுதிகளோடு மாறுபடலாகாது என்றும் சொன்னேன். மணி அடித்த பின்னும் அவர்கள் இருக்கையை விட்டு எழவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எதைக் காதலித்துப் பார்க்கிறீர்களோ அதில் கூர்ந்த கண்ணோடு இருங்கள். வழு எது, அமைதி பெறத்தக்கது எது என்று காரணத்தோடு பிரித்துரைக்கும் ஆற்றல் சிலப்பதிகாரத்துக்கும் உதவும், சித்திரத் தொடருக்கும் உதவும். நாளை உங்களுட் சிலர் பிறருடைய பணியை மதிப்பிடும் இருக்கைகளில் அமர்வீர்கள். அப்போது உங்கள் மேசைக்கு வரும் வருகைப் பதிவேட்டில், ஆறு ஆண்டுகளாக ஒரே நிறச் சட்டை அணிந்த ஒருவர் பெயர் இருக்கக்கூடும். அவ்வழுவுக்குத் தக்க காரணம் உண்டா என்று கேளுங்கள். காரணம் இல்லையெனில் திருத்துங்கள்.